ஆர்ட் பாசல் ஹாங்காங்கில் புதிய கலைஞர்களைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசியில் ஹாங்காங்கின் வான் சாய் பகுதியிலுள்ள மாநாட்டு, கண்காட்சி மையத்தில் நடக்கும் ஆர்ட் பாசல் என்ற கலைச்சந்தை, ஆசியாவின் சமகாலக் கலையை ஒரே கூரையின் கீழ் மிகுதியாகப் பார்க்கக் கிடைக்கும் இடம். 2025-இல் 42 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த 240 கேலரிகள், அதாவது கலைஞர்களின் படைப்புகளைக் காட்டி விற்கும் நிறுவனங்கள், அங்கே அரங்கு அமைத்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் இயங்குபவை. முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் நுழைவாயிலில் தொடங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். மூன்று மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடுகிறது. முன்பே கேள்விப்பட்ட பெயர்களின் படைப்புகளை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

இந்த வழிகாட்டி வாங்குவதற்கானது அன்று. சந்தை முடிந்து ஊர் திரும்பும்போது நான்கைந்து புதிய கலைஞர்களையாவது உண்மையில் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் இலக்கு. அறிந்திருப்பது என்றால், அவர்களுடைய அடுத்த படைப்பை வேறோர் ஊரில் பெயர்ச்சீட்டு இல்லாமல் பார்த்தாலும், இது இன்னாருடையதாக இருக்கலாம் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். அதற்கு ஒரு படைப்பு பிடித்துப்போவது மட்டும் போதாது. அந்தக் கலைஞர் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறார் என்பது தெரிய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது.

1. புறப்படுவதற்கு முன் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

புதியவர்கள் யாரையாவது பார்க்க வேண்டும் என்ற பொதுவான ஆசையோடு போனால், சந்தை தன் விருப்பத்தை உங்கள் மீது ஏற்றிவிடும். பெரிய அரங்கு, பளபளக்கும் பரப்பு, கூட்டம் மொய்க்கும் இடம் ஆகியவை உங்கள் கால்களை இழுத்துச் செல்லும். குறுகிய ஒரு கேள்வி அந்த இழுப்பைத் தடுக்கும்.

கேள்வி இப்படி இருக்கலாம்: துணியையும் நெசவையும் கொண்டு வேலை செய்யும் இளைய இந்தோனேசியக் கலைஞர்கள் யார்? 1985-க்குப் பின் பிறந்த வியட்நாமியர்கள் அரக்கு ஓவியத்தை இன்று எப்படிக் கையாள்கிறார்கள்? ஒலியையே முதன்மை ஊடகமாகக் கொண்ட கலைஞர்கள் ஆசியாவில் யார் யார்? நாடு, ஊடகம், தலைமுறை ஆகிய மூன்றில் இரண்டைப் பிணைத்தாலே போதிய அளவு குறுகிய கேள்வி கிடைத்துவிடும்.

கேள்விக்கு வெளியே இருக்கும் ஒன்று உங்களை நிறுத்தினால் அதை விலக்க வேண்டாம். கேள்வி கையில் இருக்கும்போது, அதையும் மீறி நிறுத்துகிற படைப்புக்கு உண்மையான வலு இருக்கிறது என்று நம்பலாம்.

2. கேலரிப் பட்டியலையும் பிரிவுகளையும் மூன்று வாரங்களுக்கு முன்பே படியுங்கள்

பங்கேற்கும் கேலரிகளின் பட்டியல் சந்தையின் இணையதளத்தில் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். அதைப் படிக்காமல் போவதுதான் புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பெரியது, ஏனெனில் சந்தை பல பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் புதியவர்களைச் சந்திக்கும் வாய்ப்பு வெவ்வேறு அளவில் இருக்கிறது.

டிஸ்கவரிஸ் என்ற பிரிவே உங்கள் முதல் இலக்கு. இங்கே ஒவ்வொரு கேலரியும் வளர்ந்துவரும் ஒரே ஒரு கலைஞரைத் தனிக் கண்காட்சியாகக் கொண்டுவருகிறது. படைப்புகளில் பல இந்தச் சந்தைக்கென்றே செய்யப்படுபவை. ஒரு கலைஞரின் பல படைப்புகளை ஒரே இடத்தில் பார்க்க முடிவதால், அவருடைய சிந்தனையின் போக்கு பிடிபடும். ஏறத்தாழ இருபது அரங்குகள்தான் இருக்கும் என்பதால் அரை நாளில் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

இந்தப் பிரிவின் மதிப்பை விளங்கிக்கொள்ள ஹாங்காங்கைச் சேர்ந்த சாம்சன் யங்கை நினைத்துப் பார்க்கலாம். 2015-இல் அவர் டிஸ்கவரிஸ் பிரிவில் இடம்பெற்றார். அந்த ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. ஆர்ட் ஜர்னி விருதின் முதல் வெற்றியாளரும் அவரே. இரண்டே ஆண்டுகளில், 2017-இல், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில் ஹாங்காங்கின் சார்பில் அவருடைய படைப்புகள் வைக்கப்பட்டன. அண்மைய உதாரணமாக, 2025-இல் தொடங்கப்பட்ட எம்.ஜி.எம். டிஸ்கவரிஸ் விருது, சியோலின் பி21 கேலரி கொண்டுவந்த கொரியக் கலைஞர் ஷின் மினுக்குக் கிடைத்தது. வறுத்த உருளைக்கிழங்கு போட்டுத் தரும் காகிதப் பைகள் போன்ற எளிய பொருள்களைக் கொண்டு, கூந்தலை வலைக்குள் அடக்கிக்கட்டிய உணவகப் பணிப்பெண்களின் உருவங்களை அவர் செய்திருந்தார். விருது அறிவிப்புக்கு முன்பே அந்த அரங்கில் நின்று பார்த்தவருக்கு, கையாண்ட மூலப்பொருளும் சொல்லவந்த கருத்தும் ஒன்றாகவே இருந்தது புரிந்திருக்கும்.

இன்சைட்ஸ் என்ற பிரிவைப் புதியவர்கள் டிஸ்கவரிஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆசிய-பசிபிக் கலைஞர்களுக்கான பிரிவு அது; ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இயங்கிய மூத்தவர்களும் மறைந்தவர்களும் அங்கே நிறைய இருப்பார்கள். உங்களுக்குப் புதிய பெயராக இருப்பதாலேயே அவர் புதிய கலைஞர் ஆகிவிடமாட்டார். ஆயினும் அந்தப் பிரிவை விட்டுவிடாதீர்கள்: இளையவர் ஒருவரின் வேலைக்கு அடியில் யாருடைய வேலை இருக்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ளலாம். 2026-இல் எக்கோஸ் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் படைக்கப்பட்டவை மட்டுமே அதற்கு உரியவை என்பதால் அதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்கவுன்டர்ஸ் பிரிவின் மிகப் பெரிய நிறுவல் படைப்புகள் (ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பவை) கண்ணைக் கவரும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிலைபெற்ற கலைஞர்களுடையவை. அரங்குகளுக்கிடையே வழி கண்டுபிடிக்க அவை நல்ல அடையாளம். உங்கள் முதல் நாளின் நேரத்தை அங்கே செலவிட வேண்டாம்.

முதன்மைப் பிரிவான கேலரிஸில், உலகமெங்கும் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களைப் பிறகு பார்க்கலாம். ஜகார்த்தாவின் ரோ, மணிலாவின் சில்வர்லென்ஸ், கொல்கத்தாவில் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டர், மும்பையின் ஜாவேரி கன்டெம்பரரி, ஷாங்காயின் அன்டென்னா ஸ்பேஸ், ஹாங்காங்கின் பிளைண்ட்ஸ்பாட் போன்றவை கடந்த ஆண்டுகளில் இங்கே அரங்கு அமைத்தவை. தம் வட்டாரத்துக் கலைஞர்களோடு நெருங்கி வேலை செய்பவை. இத்தகைய பத்துப் பன்னிரண்டு கேலரிகளைத் தேர்ந்து, அவை பிரதிநிதித்துவம் செய்யும் கலைஞர்களின் பெயர்களை அவற்றின் இணையதளத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள். கலைஞருக்கு முன் கேலரியைப் படிப்பது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கேலரியின் பத்தாண்டுத் தேர்வு உங்கள் ரசனையோடு ஒத்துப்போனால், அவர்கள் புதிதாகச் சேர்க்கும் பெயரும் உங்களுக்குப் பொருந்தக்கூடும். அறிமுகமே இல்லாத ஊரில் அதைவிட நம்பகமான வழித்துணை கிடைப்பதில்லை.

3. நாளைத் தேர்ந்தெடுத்தலும் கையில் இருக்க வேண்டியவையும்

முதலிரண்டு நாள்கள் அழைப்பு பெற்றவர்களுக்கானவை. வெள்ளி முதல் ஞாயிறு வரை பொதுமக்கள் சீட்டு வாங்கி நுழையலாம். 2025-இல் பொதுநாள்கள் மார்ச் 28 முதல் 30 வரை அமைந்தன. அழைப்பு கிடைக்கவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. முதல் இரண்டு நாள்களில் கேலரிக்காரர்களின் கவனம் முழுவதும் விற்பனையில் இருக்கும். உங்கள் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஒரே நாளுக்குச் சீட்டு எடுக்காமல் இரண்டு நாள்களுக்கு எடுங்கள். முதல் நாள் பார்ப்பதற்கு, இரண்டாம் நாள் திரும்பிச் சென்று பேசுவதற்கு. இடையில் வரும் இரவு மிகவும் பயனுள்ளது. காலையில் எழும்போது எந்தப் படைப்பு மனத்தில் நிற்கிறதோ அதுவே திரும்பிப் போக வேண்டிய இடம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஹாங்காங் வருவதற்கு முன் இணையத்தில் முன்வருகைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை மறந்துவிட்டு, பயணச்சீட்டு எடுத்த பிறகு பதறுபவர்கள் உண்டு. அதை முதலில் முடித்துவிடுங்கள். 2022-இல் திறக்கப்பட்ட எக்ஸிபிஷன் சென்டர் மெட்ரோ நிலையம் மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

சிறிய குறிப்பேடு, பேனா, முழுமையாகச் சார்ஜ் செய்த கைப்பேசி, அதற்கான பவர்பேங்க், பழகிய காலணி, ஏ.சி. குளிருக்கு மெல்லிய மேலாடை ஆகியவை போதும். முதுகுப்பையைப் பொருள் காப்பறையில் கொடுத்துவிடுங்கள். நெருக்கமான அரங்கில் முதுகுப்பையோடு திரும்பும் ஒருவரைப் பார்த்துப் பணியாளர்கள் பதறுவது நியாயமே.

4. முதல் சுற்று: வேகமாக, யாரிடமும் பேசாமல்

அரங்குகள் மையத்தின் முதல் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் இருக்கின்றன. அரங்கு எண்ணின் முதல் இலக்கமே தளத்தைச் சொல்லிவிடும். முன்பே தேர்ந்த அரங்குகளைத் தள வாரியாகப் பிரித்து, ஒரு தளத்தை முடித்த பின் மற்றதற்குப் போங்கள்.

நேராக டிஸ்கவரிஸ் அரங்குகளுக்குச் செல்லுங்கள். கண் புதிதாக இருக்கும் முதல் ஒன்றரை மணி நேரத்தை அறியாத பெயர்களுக்குக் கொடுக்க வேண்டும். புகழ்பெற்றவற்றைச் சோர்ந்த கண்ணாலும் அடையாளம் காண முடியும். அறியாததைச் சோர்ந்த கண் தவறவிட்டுவிடும். சென்னைப் புத்தகக் காட்சியில் முதல் வரிசையிலேயே பணத்தையும் நேரத்தையும் கரைத்துவிட்டு, கடைசி வரிசையின் சிறு பதிப்பகங்களை ஓட்டமாகக் கடந்துபோகிறவருக்கு நேர்வதே இங்கும் நேர்கிறது.

இந்தச் சுற்றில் ஓர் அரங்குக்கு மூன்று நான்கு நிமிடங்கள் போதும். அரங்கின் நடுவில் நின்று முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட்டு, உங்களை அழைக்கும் ஒன்றின் அருகில் மட்டும் செல்லுங்கள். விளக்கத் தாளைப் படிக்காதீர்கள். நினைவு, அடையாளம், இடப்பெயர்வு போன்ற சொற்கள் ஏறத்தாழ எல்லா விளக்கத் தாள்களிலும் இருக்கும். அவற்றை முதலில் படித்துவிட்டால், கண் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளில் உள்ளதைச் சுவரில் தேடத் தொடங்கும்.

பிடித்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு படங்கள் எடுங்கள்: முதலில் படைப்பு, உடனே அதன் விவரச் சீட்டு. இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். மாலையில் முந்நூறு படங்களுக்கு நடுவே எந்தச் சீட்டு எந்தப் படைப்புக்கு உரியது என்று தெரியாமல் திணறுபவர்கள், சில இடங்களில் சீட்டை முதலிலும் சில இடங்களில் பின்னரும் எடுத்தவர்களே. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடவும் வேண்டாம். விற்றுப்போன படைப்பைக் கழற்றிவிட்டு அதே கேலரி வேறொன்றை மாட்டுவது சந்தைகளில் வழக்கம். வெள்ளியன்று பார்த்தது ஞாயிறன்று அங்கே இல்லாமல் இருக்கலாம்.

சீட்டே இல்லாத அரங்குகளும் உண்டு. அங்கே படைப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். மேசையில் கியூஆர் குறியீடாக வைத்திருப்பார்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புவார்கள்.

5. பெயரையும் சீட்டையும் பிழையில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படி சிறியதாகத் தோன்றினாலும், சந்தையில் கண்டெடுத்த கலைஞர்களை வீட்டுக்கு வந்ததும் தொலைத்துவிடுவதற்கு இதைக் கவனிக்காததே முதற்காரணம். ஆசியப் பெயர்கள் ஒரே ஒழுங்கில் எழுதப்படுவதில்லை. கொரியக் கலைஞர் லீ புல்லின் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கிறது; அதே நாட்டைச் சேர்ந்த ஹேக்யூ யாங்கின் பெயரில் அது பின்னால் நிற்கிறது. கிம் என்றோ நுயென் என்றோ மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், கொரியாவிலும் வியட்நாமிலும் எண்ணற்றவர்களுக்கு அதுவே குடும்பப் பெயர் என்பதால் தேடல் எங்கும் போய்ச் சேராது. பாலித் தீவில் வயான், மடே, நியோமன், க்டுட் ஆகியவை குழந்தை பிறந்த வரிசையைக் குறிக்கும் பெயர்கள். ஓவியர் ஐ நியோமன் மஸ்ரியாதியை நியோமன் என்று குறித்துக்கொள்வதால் பயனில்லை. பர்மியர்களுக்குப் பொதுவாகக் குடும்பப் பெயரே கிடையாது. தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. நம் பெயர்களையும் விண்ணப்பப் படிவங்கள் தலைகீழாக்குவதைப் பார்த்துப் பழகியவர்கள்தாமே நாம்.

ஆகவே மூன்று செய்திகளைச் சேர்த்தே குறியுங்கள்: ரோமன் எழுத்தில் முழுப் பெயர், கிடைத்தால் கலைஞரின் சொந்த எழுத்தில் அவருடைய பெயர், பிறந்த ஆண்டும் ஊரும். சொந்த எழுத்தில் பெயர் இருந்தால், அவரவர் நாட்டில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை தேடலில் வந்து சேரும். மொழிபெயர்ப்புச் செயலியைக் கொண்டு அவற்றைப் படித்துவிடலாம். இளைய கலைஞர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பத்தி மட்டும் இருக்கும்போது, சீனத்திலோ கொரிய மொழியிலோ நீண்ட நேர்காணல்கள் இருப்பது உண்டு.

சீட்டின் மற்ற வரிகளையும் படிக்கப் பழகுங்கள். அளவில் உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் வரும். 5 + 2 ஏ.பி. என்று இருந்தால், அந்தப் படைப்பு ஐந்து பிரதிகளாகவும், கலைஞர் தம்மிடம் வைத்துக்கொள்ளும் இரண்டு பிரதிகளாகவும் செய்யப்பட்டது என்று பொருள். ஆண்டைக் கட்டாயம் பாருங்கள்: சுவரில் இருப்பவை எல்லாமே அதே ஆண்டில் செய்யப்பட்டவை என்றால், அதற்கு முன் அந்தக் கலைஞர் என்ன செய்தார் என்பது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியாகிறது.

6. இரண்டாம் சுற்று: குறைவாக, நெடுநேரம்

முதல் நாள் இரவு படங்களை ஒரு முறை ஓட்டிப் பார்த்து எட்டு முதல் பத்துக் கலைஞர்களாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவர்களிடம் மட்டும் திரும்பிப் போங்கள். ஒவ்வோர் அரங்கிலும் குறைந்தது பதினைந்து நிமிடங்கள் நில்லுங்கள்.

நிற்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் பொருளைப் பாருங்கள்: இது எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு காலம் எடுத்திருக்கும்? வியட்நாமிய அரக்கு ஓவியம் இதற்கு நல்ல பாடம். அங்கே அரக்கைப் பல அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகு, கடைசியில் நீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து அடியிலுள்ள உருவத்தை மேலே கொண்டுவருவார்கள். இயற்கை அரக்கோடு தூய வெள்ளை நிறத்தைச் சேர்ப்பது கடினம் என்பதால், வெள்ளை வேண்டிய இடத்தில் முட்டையோட்டுத் துணுக்குகளைப் பதிப்பார்கள். நேர் எதிரே நின்றால் இது தெரியாது. பக்கவாட்டில் சென்று, வெளிச்சம் பரப்பின் மீது சாய்ந்து விழும்படி பார்த்தால், தேய்த்த ஆழமும் ஓட்டுத் துணுக்குகளின் விளிம்பும் தெரியும். மரபு வழியில் தேய்த்திருக்கிறாரா, அரக்கைச் சாதாரண வண்ணம்போல மேலே பூசியதோடு நிறுத்திவிட்டாரா, அப்படி நிறுத்தியிருந்தால் அதற்குக் காரணம் தெரிகிறதா என்று அப்போதுதான் கேட்க முடியும். கேன்வாஸ் ஓவியம் என்றால் அதன் ஓரங்களைப் பாருங்கள். நெசவு என்றால் முடிச்சுகளைப் பாருங்கள்.

அடுத்து, ஒரே கலைஞரின் இரண்டு படைப்புகளை ஒப்பிடுங்கள். இரண்டிலும் மாறாமல் இருப்பது எது, மாறியிருப்பது எது என்று குறிப்பேட்டில் தலா ஒரு வரி எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளை எழுத முடியாவிட்டால், உங்களுக்குப் பிடித்தது அந்த ஒரு படைப்பு மட்டுமே. கலைஞரைப் பற்றி முடிவு செய்வதைத் தள்ளிவையுங்கள்.

ஒலி, காணொளி, நிகழ்த்துகலை ஆகியவற்றைப் புதியவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். சாம்சன் யங்கின் நாக்டர்ன் என்ற நிகழ்த்துகலையில், இரவுநேரக் குண்டுவீச்சின் ஒலியற்ற காணொளியைப் பார்த்துக்கொண்டே, அந்த வெடியோசைகளைக் கையருகே இருந்த எளிய பொருள்களைக் கொண்டு அவர் மெல்ல எழுப்புவார். பார்வையாளர் அதைச் சிறிய வானொலிப் பெட்டியில் கேட்க வேண்டும். பார்த்துக்கொண்டே கடந்து போகிறவருக்கு, மேசை முன் அமர்ந்து ஏதோ செய்யும் ஒரு மனிதர் மட்டுமே கண்ணில் படுவார். காதொலிப்பானோ வானொலியோ வைத்திருந்தால் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். காணொளி என்றால் அதன் மொத்த நேரத்தைச் சீட்டில் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

7. அரங்கில் இருப்பவரிடம் கேட்க வேண்டியவை

பேசத் தயங்குபவர்களே பெரும்பாலோர். வாங்கப்போவதில்லை என்பதால் கேட்கும் உரிமையும் தமக்கில்லை என்று எண்ணுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். நான் வாங்க வரவில்லை, இந்தக் கலைஞரின் வேலையைத் தொடர்ந்து கவனிக்க விரும்புகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு பேசுவார்கள். ஞாயிறு பிற்பகல் இதற்கு மிக நல்ல நேரம்: பரபரப்பு அடங்கியிருக்கும், சொல்லவும் நிறைய இருக்கும். யாராவது ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தால் மட்டும் விலகி நின்று வழிவிடுங்கள்.

இந்தப் படைப்பின் பொருள் என்ன என்று தொடங்காதீர்கள். விளக்கத் தாளில் உள்ளதையே வாய்மொழியாகக் கேட்க நேரும். இந்தக் கலைஞரை எப்போதிலிருந்து பிரதிநிதித்துவம் செய்கிறீர்கள், அல்லது இந்தச் சந்தைக்கு மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். உறவு எவ்வளவு உறுதியானது என்பது இதில் தெரிந்துவிடும். இதற்கு முன் அவர் செய்த தொகுதியைக் காட்ட முடியுமா என்று கேட்டால், பலர் டேப்லட்டில் பத்து இருபது படங்களைக் காட்டுவார்கள். சந்தைக்குக் கொண்டுவர முடியாத அளவு பெரிய அல்லது விற்க முடியாத படைப்பு ஏதும் உண்டா என்பது என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் சிறந்த கேள்வி. சந்தையில் மாட்டப்படுவது சுவருக்கும் விமானப் பெட்டிக்கும் ஏற்றவாறு தேர்ந்தெடுக்கப்பட்டது; கலைஞரின் லட்சியம் பெரும்பாலும் அதற்கு வெளியே கிடக்கிறது. கடைசியாக, அடுத்த கண்காட்சி எங்கே, எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, கலைஞரின் தன்விவரக் குறிப்பையும் படைப்புப் படங்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாம் விற்றுவிட்டது என்று சொன்னால் அதை மதிப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படைப்புகளின் படங்களைச் சந்தை திறப்பதற்கு முன்பே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி விற்பது பரவலான நடைமுறை. நேரில் பார்க்காதவர்கள் வாங்கியதாகவும் இருக்கலாம்.

8. தன்விவரக் குறிப்பைப் படிக்கும் முறை

இந்தக் குறிப்பு நீளமாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்.

முதலில் தனிக் கண்காட்சிகள். அவற்றுக்கிடையே ஒன்றரை, இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் கலைஞருக்கு வேலை செய்ய நேரம் கிடைத்திருக்கிறது. ஒரே ஆண்டில் மூன்று நான்கு நாடுகளில் தனிக் கண்காட்சி என்றால், இளைய ஓவியர் ஒருவரைச் சந்தை அவசரப்படுத்துகிறதோ என்று எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டாவது, யார் தேர்ந்தெடுத்த குழுக் கண்காட்சிகள் என்பது. பிரிஸ்பேனில் 1993 முதல் நடக்கும் ஆசிய பசிபிக் டிரைனியல், 1995-இல் தொடங்கிய குவாங்ஜு பினாலே, 2006-இல் தொடங்கிய சிங்கப்பூர் பினாலே, 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே ஆகியவற்றில் கியூரேட்டர்கள், அதாவது கண்காட்சியைத் திட்டமிட்டு அமைப்பவர்கள், கலைஞர்களின் இருப்பிடம் தேடிச் சென்று தேர்ந்தெடுக்கிறார்கள். விற்பனையைத் தாண்டி வேறு ஒருவர் இந்தக் கலைஞரை நம்பியிருக்கிறார் என்பதற்கு அது சான்று. எல்லாக் குழுக் கண்காட்சிகளும் ஒரே கேலரியில் நடந்தவையாக இருந்தால், அந்த வெளிச் சான்று இன்னும் வரவில்லை என்று பொருள். அது குறையன்று, மிக இளையவர்களுக்கு அது இயல்பு.

மூன்றாவது, ரெசிடென்சிகள், அதாவது கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்ய இடம் தரும் திட்டங்கள். டெல்லியின் கோஜ், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்அகாடமி, லண்டனின் டெல்ஃபினா போன்ற இடங்களில் தங்கி வேலை செய்தவர் என்றால், அந்தத் தங்கலுக்கு முன்னும் பின்னும் செய்த படைப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு கலைஞரின் வளர்ச்சியைக் காட்டுவதில், சந்தைப் பங்கேற்புகளின் நீண்ட பட்டியலைவிட இந்த ஒரு வரியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நான்காவது, சேகரிப்புகள். அருங்காட்சியகத்தின் பெயர் வெளிப்படையாக இருந்தால் அதன் இணையதளத்தில் சரிபார்க்கலாம். தனியார் சேகரிப்பு என்று மட்டும் இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

9. சந்தைக்கு வெளியே ஒரு நாள்

சந்தை அரங்கில் கிடைக்காத பின்புலத்தை நகரமே தருகிறது. ஷியுங் வான் பகுதியில் ஹாலிவுட் சாலையிலுள்ள ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ், 2000-இல் தொடங்கப்பட்ட ஆவணக்காப்பகம். அதன் நூலகத்தில் பொதுமக்கள் கட்டணமின்றி அமர்ந்து படிக்கலாம். உங்கள் பட்டியலில் உள்ள பெயர்களை அங்கே தேடினால், இணையத்தில் இல்லாத கண்காட்சி நூல்களும் சிறு வெளியீடுகளும் கிடைக்கும். வாரநாளில் போவது நல்லது. திறந்திருக்கும் நாள்களைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

1996-இல் தொடங்கிய பாரா சைட், குவாரி பே பகுதியில் வணிக நோக்கமின்றி இயங்கும் கலைவெளி; பழைய காவல் நிலையமும் சிறையும் இருந்த தாய் குன் வளாகத்திலும் நல்ல கண்காட்சிகள் அந்த வாரத்தில் நடக்கும். மேற்குக் கவுலூனில் 2021 நவம்பரில் திறக்கப்பட்ட எம்+ அருங்காட்சியகத்தை இரண்டாம் சுற்றுக்கு முன்பே பார்த்துவிட முடிந்தால் நல்லது. 1970-கள் முதலான சீனச் சமகாலக் கலையின் மிகப் பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது. அதைப் பார்த்த கண்ணுக்கு, இளையவர் ஒருவர் முன்னோரிடமிருந்து கடன் வாங்கியது எது, தாமே கண்டடைந்தது எது என்பது எளிதில் பிரிந்து தெரியும்.

10. திரும்பிய பிறகு

ஊர் திரும்பிய மூன்று நாள்களுக்குள் குறிப்புகளைச் சீர்ப்படுத்துங்கள். அதற்கு மேல் போனால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. ஒரு கலைஞருக்கு ஒரு பக்கம் என்று வைத்து, பெயர், கேலரி, மாறாதது, மாறியது, அடுத்த கண்காட்சி ஆகியவற்றை எழுதுங்கள். பத்துப் பேரில் ஐவரைப் பற்றி எழுத எதுவும் இல்லை என்றால் அவர்களைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

எஞ்சியவர்களின் கேலரிகளுக்கு, குறிப்பிட்ட படைப்பின் பெயரைச் சொல்லி ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொதுவான பாராட்டை விட, அந்தப் படைப்பில் நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லும் இரண்டு வரிக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பதில் எழுதியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்தையில் அரங்கினுள் நுழையும்போது பேச்சை அங்கிருந்து தொடரலாம். கலைஞரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பின்தொடர்வதும் உதவும். அங்கே முடிந்த படைப்புகளைவிடப் பாதியில் நிற்கும் வேலைகளைக் கவனியுங்கள்.

அடுத்த ஆண்டுப் பட்டியல் வெளியானதும் இந்த ஐந்து பக்கங்களை எடுத்துவைத்து, அதே கலைஞர்கள் யார் யாருடைய அரங்கில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டிஸ்கவரிஸ் பிரிவிலிருந்து அதே கேலரியின் முதன்மை அரங்குக்கு வந்திருந்தால், சென்ற ஆண்டு எழுதிய இரண்டு வரிகளோடு அங்கே போய் நில்லுங்கள். வேறு கேலரிக்கு மாறியிருந்தால், புதிய கேலரிக்காக அவர் தம் வேலையின் அளவையும் பொருளையும் மாற்றியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.